மண்ணில் ஒரு படப்புதிர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டவுடன், "இது சிறுபிள்ளை விளையாட்டாயிற்றே, கல்லூரியில் பயிலும் எங்களுக்கு இதனால் ஆவதென்ன?" என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். களிமண்ணைத் தட்டையாகப் பரப்பி, அதனைப் பல துண்டுகளாக அறுத்து, சூளையில் இடாமல் காற்றிலேயே உலர்த்தி, கையால் வண்ணந்தீட்டி, மீண்டும் பொருத்திப் பார்க்கும் படப்புதிர் ஒன்றைச் செய்வது எவ்வாறு என்பதே இன்றைய பொருள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையோடு ஒன்று சொல்வேன். பூகோளமும் கணக்கும் பௌதிகமும் ஒரே மேசையின்மேல் ஒன்றோடொன்று பிணங்காமல் அமர்ந்திருந்ததை நான் கண்டது, இந்தப் புதிரை என் மாணவர்கள் செய்த நாட்களில்தான்.

படப்புதிரை ஆங்கிலேயர் 'ஜிக்ஸா' என்பர். ஜிக்ஸா என்பது மேலும் கீழுமாக ஆடி அறுக்கும் மெல்லிய இழைவாளின் பெயர். வாளின் பெயர் புதிருக்கு வந்து சேர்ந்தது பிற்காலத்தில். புதிரோ அதற்கு நூறாண்டுக்கும் முற்பட்டது. 18-ஆம் நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்றொருவர் இருந்தார். செப்புத் தகட்டில் தேசப்படங்களைச் செதுக்கி அச்சிட்டு விற்பது அவருடைய தொழில். 1760-களில் அவர் ஐரோப்பாக் கண்டத்தின் படத்தை மெல்லிய மகாகனிப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோட்டின் வழியே அறுத்து, பிள்ளைகள் பூகோளம் கற்பதற்கென்று விற்கத் தொடங்கினார். இத்தொழிலின் முன்னோடிகளுள் அவரை முதலில் வைத்து எண்ணுவது வழக்கம். முப்பதாண்டு வாழ்வு மட்டுமே அவருக்குக் கிட்டியது, 1769-இல் மறைந்தார். ஆயினும் அவர் தொடங்கிய பழக்கம் பரவிவிட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மக்களுக்கு இத்தகைய அறுத்த தேசப்படங்களைக் கொண்டே பூகோளம் கற்பிக்கப்பட்டது. ஜேன் ஆஸ்டின் அம்மையார் 1814-இல் வெளியிட்ட 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' என்னும் நாவலில், ஐரோப்பாப் படத்தை இணைக்கத் தெரியாத ஏழைச் சிறுமியைப் பார்த்து அவளுடைய பணக்கார உறவுப் பெண்கள் வியந்து எள்ளுகின்றனர். எள்ளியவர்களைக் காட்டிலும் அச்சிறுமியே கூரிய அறிவுடையவள் என்பது, நாவலை முடிவுவரை படிப்பவர்க்கு விளங்கும்.

பிற்காலத்தில் மரம் போய் அட்டை வந்தது. 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பெரும் பொருளாதார மந்தம் நிலவிய வேளையில், அட்டைப் புதிர்கள் மலிவு விலையில் ஏராளமாக விற்பனையாயின. வேலையற்றிருந்தோர் வீட்டில் பொழுதைக் கழிக்க அவை உதவின. நம் நாட்டிலோ, மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் மூண்டதால் அவ்வாண்டுகளில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவருடைய முறையில் நடக்கும் பள்ளிகளில் மரத்தாலான தேசப்படப் புதிர்கள் உண்டு. ஒவ்வொரு துண்டின் தலையிலும் சிறு குமிழ் ஒன்று இருக்கும். குழந்தை அதனைப் பிடித்துத் தூக்கி, உரிய குழியில் வைக்க வேண்டும்.

மரமும் இழைவாளும் எல்லாப் பள்ளிக்கும் எளிதில் வாய்ப்பன அல்ல. களிமண் அப்படியன்று. ஏரி, குளம் உள்ள ஊரெல்லாம் அது கிடைக்கும். நகரத்தில் இருப்போர்க்கோ, காற்றில் உலரும் களிமண் என்று பொட்டலமாகவே கடையில் விற்கிறார்கள். இழையோ பசையோ கலந்த வகைகளும் அவற்றில் உண்டு. எதனைக் கொண்டு செய்தாலும் இயல்பு ஒன்றுதான். அந்த இயல்பை முதலில் அறிந்துகொள்வோம்.

களிமண்ணின் துகள்கள் மிக நுண்ணிய தட்டுகள். ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறு கூறாக்கினால் வரும் ஒரு கூற்றினும் சிறியவை அவை. நீர் சேரும்போது ஒவ்வொரு தட்டுக்கும் இடையே நீர்ப்படலம் புகுந்து நிற்கிறது. அப்படலத்தின்மேல் தட்டுகள் வழுக்கி நகர்கின்றன. பிசைந்த மண் நம் விரலுக்கு இணங்குவதன் காரணம் இதுவே. நீர் ஆவியாகும்போது தட்டுகள் நெருங்குகின்றன. நெருங்குவதால் மண் சுருங்குகிறது. சூளையில் ஏறத்தாழ 500, 600 பாகை செல்சியஸ் வெப்பத்தில், துகளின் அமைப்பினுள்ளேயே பிணைந்துள்ள நீரும் வெளியேறிவிடுவதால், சுட்ட மண் மீண்டும் குழையாது. காற்றில் உலர்ந்த மண்ணோ நீரில் இட்டால் மறுபடியும் சேறாகும். ஆகவே நாம் செய்யப்போகும் புதிருக்கு ஈரமே பகை என்பதை இப்போதே மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சுருங்கும் என்பது மண்ணுக்கு மண் வேறுபடும். அதனை அறியும் வழி எளிது. பிசைந்த மண்ணில் ஒரு பட்டையைச் செய்து, அதன்மேல் சரியாக 10 சென்டிமீட்டர் நீளத்திற்கு ஒரு கோட்டை ஊசியால் கீறுங்கள். பட்டை முழுவதும் உலர்ந்தபின் கோட்டை அளந்து பாருங்கள். எங்கள் பள்ளியருகே இருந்த குளத்து மண்ணில் 9.4 சென்டிமீட்டர் வந்தது. அதாவது நூற்றுக்கு ஆறு சுருக்கம். நீளத்தில் ஆறு என்றால் பரப்பில் எவ்வளவு என்று வகுப்பில் கேட்டேன். "ஆறுதான் ஐயா" என்றனர் பாதிப்பேர். "பன்னிரண்டு" என்றான் ஒருவன். 0.94-ஐ 0.94-ஆல் பெருக்கினால் 0.8836, எனவே பரப்பு நூற்றுக்குப் பதினொன்றரைக்குச் சற்று மேல் குறைகிறது. பன்னிரண்டு என்றவன் கிட்டத்தட்டச் சரி. ஏன் முழுப் பன்னிரண்டு ஆகவில்லை என்பதை அவனே கரும்பலகையில் ஒரு சதுரம் வரைந்து கண்டுகொண்டான். மூலையில் உள்ள சிறு சதுரம் இரண்டு முறை கழிக்கப்பட்டுவிடுகிறது என்பதே விடை. இயற்கணிதச் சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பித்து வந்த பையன் அவன்.

நாங்கள் செய்தது தமிழ்நாட்டின் படம். ஆண்டு 2010, ஒன்பதாம் வகுப்பு. அப்போது நம் மாநிலத்தில் 32 மாவட்டங்கள் இருந்தன. தமிழ்நாடு தெற்கு வடக்காக ஏறத்தாழ 610 கிலோமீட்டர் நீளம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தால் படத்தின் உயரம் 61 சென்டிமீட்டர் ஆகும். உலர்ந்தபின் 61 வர வேண்டுமாயின் ஈர மண்ணில் எவ்வளவு இருக்க வேண்டும்? 61-ஐ 0.94-ஆல் வகுக்க, 65 சென்டிமீட்டர் வருகிறது. மாநிலத்தின் பரப்பு 1,30,000 சதுர கிலோமீட்டர் அளவு. நம் படத்தில் அது 1,300 சதுர சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டர் தடிப்பு வைத்தால், கழிவுக்கும் சேர்த்து நான்கு கிலோ மண் தாராளம். அன்றைய சென்னை மாவட்டத்தின் பரப்பு 178 சதுர கிலோமீட்டர். எங்கள் புதிரில் கட்டை விரல் நகத்தளவு. அன்றைய விழுப்புரமோ 7,200 சதுர கிலோமீட்டர் அளவு; உள்ளங்கையை நிறைத்தது. மாவட்டங்களின் பரப்பு அட்டவணையை எத்தனையோ ஆண்டு படித்தும் பதியாத ஒன்று, அந்த நகத்தையும் உள்ளங்கையையும் கண்டவுடன் பதிந்துவிட்டது.

இவ்விடத்தில் இன்னொரு நுட்பம். படத்தின் கீழே "ஒரு சென்டிமீட்டர் = பத்து கிலோமீட்டர்" என்று எழுத்தில் எழுதி வைத்தால், மண் நாம் எண்ணியதினும் கூடவோ குறையவோ சுருங்கும்போது அவ்வெழுத்து பொய்த்துவிடும். அதற்கு மாறாக, நூறு கிலோமீட்டரைக் காட்டும் கோடு ஒன்றை ஈர மண்ணிலேயே கீறி வைத்தால், படத்தோடு கோடும் அதே விகிதத்தில் சுருங்கும். படம் எவ்வளவு சிறுத்தாலும் கோடு மெய்யே பேசும். அச்சிட்ட தேசப்படங்களில் எண்ணளவையோடு கோட்டளவையையும் தருவதற்குக் காரணம் இதுவே. படத்தைச் சிறிதாக்கியோ பெரிதாக்கியோ மறுபடி அச்சிட்டால், உடன் மாறித் துணை நிற்பது கோடுதான்.

இனிச் செய்முறைக்கு வருவோம். மண்ணைக் கல், வேர் நீக்கிச் சலித்து, நீர் விட்டுப் பிசைந்து, ஈரச் சாக்குப் போர்த்தி இரண்டு நாள் வைக்க வேண்டும். ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு நுண்மணலும், ஊறவைத்து இடித்த காகிதக் கூழ் ஒரு கைப்பிடியும் சேர்ப்பது நலம். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். காகிதத்தின் நார் வெடிப்பைத் தடுக்கும். இதனை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர், ஊரில் மட்பாண்டத் தொழில் செய்துவந்த பெரியவர் ஒருவர். அவரைப் பள்ளிக்கு அழைத்து வந்து நாற்காலி இட்டு அமர்த்தினேன். முதலில் உட்காரவே தயங்கினார். மண்ணில் கை வைத்ததும் தயக்கம் போயிற்று. "தண்ணியைக் கண்டபடி ஊத்தாதீங்க தம்பிகளா, மண்ணு கேக்கும்போது கொடுத்தாப் போதும்" என்று பையன்களிடம் சொன்னார். அன்று மாலையே பெற்றோர் ஒருவர் வந்து, "மண் பிசையவா பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினோம்?" என்று கேட்டார். அவருக்கு நான் நீண்ட விரிவுரை ஒன்றும் ஆற்றவில்லை. அவருடைய மகன் போட்ட சுருக்கக் கணக்கை அவர் கையில் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது பத்தாவதுப் பாடம் போலல்லவா இருக்கிறது?" என்றார். கைத்தொழிலை இழிவாக எண்ணும் நோய் நம் கல்வியில் ஆழ வேரூன்றியது. அதனை ஒரு கணக்குத் தாளால் போக்கிவிட்டேன் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மறுபடி வந்து கேட்கவில்லை என்பது மட்டும் உண்மை.

ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள இரண்டு மரச்சட்டங்களை இணையாக வைத்து, இடையில் துணி விரித்து, மண்ணை இட்டுச் சப்பாத்திக் கட்டையால் உருட்டினால், சட்டத்தின் உயரத்திற்குப் பலகைபோல் சமமாக அமையும். தடிப்பு எங்கும் ஒன்றாக இருப்பது மிக முக்கியம். மெல்லிய இடம் முன்னே உலர்ந்து, தடித்த இடத்தை இழுத்துக் கோணவைக்கும். பிறகு காகிதத்தில் வரைந்த படத்தை மேலே பரப்பி, எல்லைக் கோட்டின் வழியே நெருக்க நெருக்கமாக ஊசியால் குத்த வேண்டும். காகிதத்தை எடுத்தால் மண்ணில் புள்ளிக்கோடு நிற்கும்.

அறுப்பதற்கு அவசரப்படக் கூடாது. மண் மிக ஈரமாக இருக்கும்போது அறுத்தால் கத்தியோடு சேர்ந்து இழுபடும். முழுதும் உலர்ந்தபின் அறுத்தால் நொறுங்கும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு பதம் உண்டு. கட்டை விரலால் அழுத்தினால் மெல்லிய தடம் விழும்; ஆனால் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பலகை வளையாது. அதுவே அறுக்கும் பதம். கத்தியை நனைத்துக்கொண்டு, இழுக்காமல் மேலிருந்து கீழாக அழுத்தி அழுத்தி அறுக்க வேண்டும். அலகு செங்குத்தாக நிற்பது இன்றியமையாதது. சாய்ந்தால், ஒரு துண்டின் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறி உட்காரும். அப்போது துண்டுகளை ஒரு குறிப்பிட்ட வரிசையில் மட்டுமே வைக்க முடியும்.

அட்டைப் புதிரில் காணும் உருண்டைத் தலையும் ஒடுங்கிய கழுத்தும் கொண்ட கொக்கி வடிவத்தை மண்ணில் வைக்க முயலாதீர்கள். உலர்ந்த மண் அழுத்தத்தை ஓரளவு தாங்கும், இழுவையைத் தாங்காது. கழுத்து ஒடிந்து தலை தனியே உருளும். ஸ்பில்ஸ்பரியின் துண்டுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று கவ்விக்கொள்பவை அல்ல; எல்லைக்கோட்டின் வளைவு நெளிவே அவற்றை இனங்காட்டிற்று. மண்ணுக்கும் அம்முறையே ஏற்றது. எல்லைக்கோட்டில் கூர்முனை வரும் இடங்களைச் சற்றே மழுக்கிவிடலாம். எந்த இடமும் தடிப்பைப் போல் இரு மடங்கு அகலத்திற்குக் குறையாதிருந்தால் ஒடியாது. சென்னையை நாங்கள் இந்த விதிக்குள் அடக்க அரும்பாடுபட்டோம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிப் பகுதியைச் சேர்ந்ததாதலின் அங்கே வெற்றிடம் விடுவதா, வேறு நிறத்தில் துண்டு வைப்பதா என்று ஒரு பாடவேளை முழுவதும் வாதம் நடந்தது. முடிவில் துண்டே வைத்தோம். வெற்றிடத்தைக் கண்டால் கடல் உள்ளே புகுந்துவிட்டது போலத் தோன்றுகிறது என்று மாணவர்கள் சொன்னார்கள்.

அறுத்த அன்றே அந்த வகுப்பில் ஒரு சிக்கல் எழுந்தது. இப்பேச்சில் நான் சொல்ல விரும்பியவற்றுள் தலையாயது அதுவே.

அவ்வகுப்பில் பார்வையற்ற மாணவன் ஒருவன் படித்தான். வண்ணம் அவனுக்குப் பயன்படாது. எனவே ஆறுகளை விரலால் அறியும்படி செய்வோம் என்று மற்றவர்களே முடிவு செய்து, அரை உலர்வில் இருந்த துண்டுகளின்மேல் காவிரி, வைகை, தாமிரபரணி, பாலாறு ஆகியவற்றைக் குழிவான கோடுகளாகக் கீறி வைத்திருந்தனர். துண்டுகளைச் சேர்த்து அவன் முன் வைத்தோம். அவன் ஒகேனக்கலில் விரல் வைத்துத் தெற்கே இறங்கினான். சிறிது தூரம் சென்று நின்றான். மறுபடி மேலே போய் மறுபடி இறங்கினான். பிறகு கேட்டான்: "ஐயா, இது ஆறா, அறுத்த இடமா?"

வகுப்பு அமைதியாயிற்று. அவன் கேட்டது முற்றிலும் நியாயம். குழிவான ஆறும் துண்டுகளுக்கு இடையே உள்ள பிளவும் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன. நிறத்தின் உதவியால் நாங்கள் பிரித்தறிந்ததை அவன் எதனால் பிரித்தறிவான்? அவன் கேள்வியால் வேறொன்றும் வெளிப்பட்டது. மேட்டூருக்குக் கீழே காவிரி நெடுந்தூரம் மாவட்டங்களுக்கு இடையே எல்லையாகவே ஓடுகிறது. மேல்கரை ஈரோடு, கீழ்கரை சேலமும் நாமக்கல்லும். சற்றுத் தெற்கே நாமக்கல்லுக்கும் கரூருக்கும் நடுவே அதுவே எல்லை. இன்னும் கிழக்கே கொள்ளிடம், அரியலூரையும் தஞ்சாவூரையும் பிரிக்கிறது. மாவட்ட எல்லையின் வழியே அறுத்த நாங்கள், ஆற்றின் வழியேயும் அறுத்திருந்தோம்! அவ்விடங்களில் கத்தி போன பாதையும் காவிரி போன பாதையும் ஒன்றே. கண் உள்ள நாங்கள் முப்பதுபேர் கவனியாத அந்த உண்மையை விரல் ஒன்று சொல்லிற்று.

ஆறு எந்தத் துண்டுக்கு உரியது என்று உடனே பூசல் கிளம்பிற்று. ஈரோட்டில் தாய்மாமன் வீடுள்ள பையன் அது ஈரோட்டுடையது என்றான். நாமக்கல்லில் அத்தை வீடுள்ளவன் விடவில்லை. பூசலை நான் அடக்கவில்லை; அடக்க வேண்டிய பூசலாக அது எனக்குத் தோன்றவில்லை. கடைசி வரிசையில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து, "ஆற்றைக் குழியாகச் செய்யாமல் மேடாகச் செய்தால் என்ன ஐயா? மண்ணைக் கயிறு மாதிரித் திரித்து அறுத்த இடத்தின் மேலேயே வைத்து, கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்துவிட்டால், ஆளுக்குப் பாதி ஆறு" என்றாள்.

அவ்வாறே செய்தோம். முன்பு கீறிய குழி வீண்போகவில்லை. அரை உலர்வில் உள்ள மண்ணின்மேல் வேறு மண் ஒட்ட வேண்டுமானால், அவ்விடத்தைக் கீறி மண்குழம்பு தடவ வேண்டும் என்பது குயவர் கையாளும் முறை. கீறல் ஏற்கெனவே இருந்தது. அதில் குழம்பு தடவி, அறுப்பில் மிஞ்சிய அதே பதமுள்ள மண்ணைத் திரித்துப் பதித்தோம். புது ஈரமண்ணைப் பதித்திருந்தால் அது மிகுதியாகச் சுருங்கி விட்டுப்போயிருக்கும். எல்லையாக ஓடும் இடங்களில் அடியில் குழம்பு தடவிக் கயிற்றை இரு துண்டுகளின் மேலும் படுக்க வைத்துப் பிளந்தோம். துண்டுகள் சேரும்போது பாதி ஆறும் பாதி ஆறும் சேர்ந்து முழு ஆறாயிற்று. துண்டு சரியான இடத்தில் அமர்ந்ததா என்பதை அறிய, அந்தப் பையனுக்கு அதுவே அடையாளமாயிற்று. மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கேழ்வரகை அழுத்தி எடுத்துச் சொரசொரப்பு உண்டாக்கினோம். 32 துண்டுகளையும் தனியே சேர்க்க அவனுக்கு முதல் தடவை ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. பத்து நாள் கழித்து இருபது நிமிடத்தில் சேர்த்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு அவனோடு போட்டியிட்டவர் எவரும் முக்கால் மணிக்குக் குறைந்து முடித்ததில்லை.

உலர்த்தும் முறைக்கு வருகிறேன். துண்டுகளைச் செய்தித்தாள் விரித்த பலகையில் சிறிது இடைவெளி விட்டுப் பரப்பி, நிழலில் வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் மேற்புறம் விரைவில் உலர்ந்து சுருங்கும். அடிப்புறம் ஈரமாகவே நிற்கும். துண்டு கிண்ணம்போல் வளையும். காலையிலும் மாலையிலும் புரட்டிவிட வேண்டும். 65 சென்டிமீட்டர் பலகையை அறுக்காமல் அப்படியே உலரவிட்டால் எங்கேனும் வெடிப்பது ஏறக்குறைய உறுதி. சிறு துண்டுகளாக்கிய பின் ஒவ்வொன்றும் தன் அளவில் சுருங்கிக்கொள்கிறது. நான்கைந்து நாளில் உலர்ந்துவிடும். மழைக்காலமாயின் ஒரு வாரம். உலர்ந்ததா என்பதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து அறியலாம். உள்ளே ஈரம் இருந்தால் அது ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்வதால் துண்டு சில்லென்றிருக்கும். நம்பிக்கை இல்லாதவர் தராசில் நிறுத்துப் பார்க்கலாம். இன்றும் நேற்றும் ஒரே எடை என்றால் உலர்ந்தது.

ஓரங்களை உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்துப் பொருத்தம் பார்க்கவேண்டும். அத்தூள் நெஞ்சுக்குக் கெடுதி. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வெளியே அமர்ந்து தேய்க்கவும்.

வண்ணந்தீட்டுவதில் பலரும் செய்வது, துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு மேலே அப்படியே பூசிவிடுவது. அப்படிச் செய்தால் வண்ணம் பிளவுகளில் இறங்கி, துண்டுகளை ஒட்டிவிடும். சேர்த்து வைத்துப் பென்சிலால் மட்டும் வரையுங்கள். பிரித்து வைத்து வண்ணம் இடுங்கள். நீர் மிகுந்த வண்ணம் உலர்ந்த மண்ணைக் கரைக்குமாதலால், முதலில் நீர்த்த பிசினை ஒரு கை பூசி உலரவிட்டு, பிறகு கெட்டியான வண்ணத்தைத் தூரிகையில் குறைவாகத் தொட்டு இட வேண்டும். அடுத்தடுத்த மாவட்டங்கள் ஒரே நிறம் பெறக் கூடாது என்றால் எத்தனை நிறம் வேண்டும்? இந்த வினாவிற்குக் கணித அறிஞர் நூறாண்டுக்கு மேல் விடை தேடினர். நான்கு நிறம் போதும் என்பதை 1976-இல் அப்பெல், ஹேக்கன் என்ற இருவர் கணிப்பொறியின் துணையால் நிறுவினர். என் மாணவர்கள் ஐந்து எடுத்துக்கொண்டார்கள். கத்தரிப்பூ நிறம் அழகாயிருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். நான் தடுக்கவில்லை. இறுதியில் மேற்புறத்திலும் அடிப்புறத்திலும் வார்னிஷ் பூசலாம். பக்கவாட்டில் மிக மெல்லியதாக ஒரு தடவை போதும். தடித்துப் பூசினால் 32 துண்டுகளின் ஓரத்திலும் சேரும் அத்தடிப்பு, கடைசித் துண்டுக்கு இடம் இல்லாமல் செய்துவிடும்.

துண்டொன்று காணாமற்போனாலோ உடைந்தாலோ, வெற்றிடத்தின் அளவிலேயே புது மண்ணை அறுத்து வைக்காதீர்கள். உலர்ந்தபின் அது ஆடும். பத்து சென்டிமீட்டர் இடத்திற்குப் பத்தை 0.94-ஆல் வகுத்து, 10.6 சென்டிமீட்டருக்கு மேல் ஒரு நூலளவு கூட்டி அறுக்க வேண்டும். மிஞ்சியதை உப்புத்தாள் சரிசெய்யும்.

இக்கணக்கு எனக்குப் பின்னும் அப்பள்ளியில் பயன்பட்டது. 1956-இல் மொழிவழி மாநிலம் அமைந்தபோது 13 மாவட்டங்கள் இருந்தன, இப்போது 38. 2019-இல் மட்டும் ஐந்து புது மாவட்டங்கள் பிறந்தன. 2020-இல் மயிலாடுதுறை பிறந்தது. நான் ஓய்வு பெற்றபின் அங்கே பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஐயா, வேலூர் மூன்றாகிவிட்டதே, பழைய துண்டை அறுக்கலாமா?" என்று கேட்டார். உலர்ந்த துண்டு கத்திக்கு இணங்காது. வார்னிஷ் பூசியிருப்பதால் நீரில் இட்டாலும் எளிதில் கரையாது. பழைய வேலூர்த் துண்டைக் காகிதத்தில் வைத்து ஓரம் வரைந்து, நூற்றுக்கு ஆறரை பெரிதாக்கி, அதற்குள் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று எல்லை வகுத்து, புது மண்ணில் அறுக்கும்படி சொன்னேன். பாலாற்றைத் திரித்துப் பதிக்க மறக்க வேண்டாம் என்றும் சொன்னேன். பழைய துண்டை எறிந்துவிடாமல், அடிப்புறத்தில் 2019 என்று ஆண்டை எழுதி, பெட்டியின் மூடியில் ஒரு பையில் இட்டு வைத்திருக்கிறார்களாம்.